பதினான்காவது கேள்வி

அந்தக் கல்லூரியில் நூலகரைத் திருப்தி மேடம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் திருப்தி. இரண்டு வருடங்களாக ஒரு கட்டு வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாசிப்பறையைச் சுற்றி வந்ததில் கிடைத்த பெயர் அது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், ஃபேனுக்கு அடியில் கண்ணயர வந்தவர், மழைக்கு ஒதுங்கியவர் என்று ஒருவரும் தப்ப முடியாது. "அஞ்சே நிமிஷம்ப்பா" என்று தாளையும் பேனாவையும் நீட்டுவார். நூலகத்தின் காற்றோட்டம் உங்களுக்கு எந்த அளவுக்குத் திருப்தி அளிக்கிறது? இருக்கைகள்? கணினித் தேடல்? ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள்: மிகவும் திருப்தி, திருப்தி, நடுநிலை, அதிருப்தி, மிகவும் அதிருப்தி. கடைசிக் கேள்விக்கும் டிக் அடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். பேனா அவருடையது.

எல்லாம் டாக்டர் பட்டத்துக்காக. ஐம்பதைத் தொடப்போகும் வயதில் இது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அவருடைய அறைக் கதவில் 'நூலகர் (பொறுப்பு)' என்று ஒரு பலகை இருந்தது. அடைப்புக்குறிக்குள் இருந்த அந்தப் பொறுப்பை எடுத்துவிட்டு வெறும் நூலகர் ஆவதற்குப் பட்டம் வேண்டும் என்று கல்லூரியில் விதி. பொறுப்பாகவே இருந்து வருடங்கள் ஓடிவிட்டன. "பொறுப்பில்லாத நூலகர் ஆகறதுக்கு இவ்வளவு கஷ்டப்படணுமா?" என்று வீட்டில் கணவர் கேட்பார். அவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நாள் முழுவதும் வாடிக்கையாளரை எதிரே உட்காரவைத்து எழுத்துகளைப் படிக்கச் சொல்பவருக்கு மாலையில் இப்படிப் பேசினால்தான் வாய் ஓயும்.

மேடம் அந்த நூலகத்துக்கு வந்தது அட்டைகள் தட்டச்சு செய்பவராக. ஒரு புத்தகத்துக்கு மூன்று அட்டை: எழுதியவர் பெயரில் ஒன்று, தலைப்பில் ஒன்று, பொருளில் ஒன்று. நூற்றுக்கணக்கான சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் அட்டைகளைக் கோத்த ஒரு கம்பி. அந்த இழுப்பறைகளைப் பற்றி இப்போது கண் கலங்கப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். மேடம் அந்த வகை இல்லை. அவற்றைத் தூக்கிப்போன அன்று தன் நகங்கள் பிழைத்தன என்று நிம்மதிப்பட்டவர். மிஞ்சிய அட்டைகளின் முதுகில் எல்லோரும் டீக்கணக்கு எழுதித் தீர்த்தார்கள்.

பிறகு கணினி வந்தது. கூடவே வந்த கம்பெனிக்காரர், "இனிமே உங்களுக்கு வேலை பாதிதான் மேடம்" என்றார். அத்தனை அட்டைகளையும் மேடம் கணினியில் ஏற்றினார். பிறகு பட்டைக்குறி வந்தது, இன்னொரு கம்பெனிக்காரர் அதையே சொன்னார், அத்தனை புத்தகங்களுக்கும் மேடம் ஸ்டிக்கர் ஒட்டினார். வெளிநாட்டு ஆய்விதழ்கள் இணையத்தில் வந்தன. கடவுச்சொல் மறந்தவர்கள் எல்லோரும் மேடத்திடம் வந்தார்கள். இப்படிப் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே வந்த வேலை, ஒரு கட்டத்தில் மாலை ஆறுக்கு முன்னால் வீட்டுக்குப் போக முடியாத அளவுக்கு ஆனது.

தொழிலால் வந்த ஒரு வியாதி மட்டும் அவருக்கு உண்டு. யார் எதைச் சொன்னாலும், "யார் சொன்னது? எங்க போட்டிருக்கு?" என்று கேட்பார்.

"மழை வரும் போலிருக்கே" என்பார் கணவர், வாசலில் நின்று.

"யார் சொன்னா?"

"வானம் சொல்லுது. மேல போட்டிருக்கு, போய்ப் பாரு."

மகள் பள்ளியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். வினாத்தாள் வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து அப்பாவும் மகளும் அந்த ஐந்து கட்டத்திலேயே பேச ஆரம்பித்திருந்தார்கள். டீ எப்படி என்றால் "நடுநிலை" என்பாள் மகள். கணவர் ஒரு படி மேலே போய், "டீ மிகவும் திருப்தி, டீ கொண்டுவந்து வெச்ச சத்தம் அதிருப்தி" என்பார்.

அந்த வினாத்தாளின் பூர்வீகத்தையும் சொல்ல வேண்டும். அது மேடம் உட்கார்ந்து யோசித்து எழுதியதில்லை. இந்தத் துறையில் யாரும் அப்படி எழுதுவதில்லை. அக்காவின் பாவாடை தங்கைக்கு வருவது போல, ஒரு ஆய்வேட்டிலிருந்து அடுத்த ஆய்வேட்டுக்கு ஓரம் மடித்துத் தைத்து வந்து சேர்வது. 'ஏற்கெனவே பரிசோதிக்கப்பட்டது' என்பது அதற்கு மரியாதை. பழசில் 'நுண்படச் சுருள் வசதி' என்று இருந்த இடத்தில் 'குறுந்தகடு வசதி' ஆகி, அது 'இணைய வசதி' ஆகி மேடம் கைக்கு வந்திருந்தது. முதல் ஆள் 'கணினி' என்பதைக் 'கணிணி' என்று தப்பாக எழுதியிருந்தார். அந்த மூன்று சுழியும் அப்படியே ஒவ்வொரு தலைமுறையாக இறங்கி வந்தது. மேடம் மற்ற எல்லாவற்றையும் திருத்தினார், அதை விட்டுவிட்டார். பார்த்துப் பழகிய பிழை கண்ணில் படுவதில்லை.

ஒரே ஒரு கேள்வி மட்டும் புதிது. பதினான்காவது. மேடத்தின் நெறியாளர், வினாத்தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தொழில்நுட்ப மாற்றம்னு தலைப்பு வெச்சுட்டு ஒண்ணுமே புதுசா இல்லையேம்மா" என்றார். அந்தச் சமயத்தில் கல்லூரி ஒரு புது மென்பொருளுக்குச் சொல்லிவைத்திருந்தது. புத்தகத்தின் பெயரை வாயால் சொன்னால் போதும், கணினியே தேடிக் கொடுக்கும் என்று கம்பெனிக்காரர் காட்டிய படத்தில் இருந்தது. "அடுத்த மாசம் வந்துடும் மேடம்." மேடம் நம்பி, 'குரல்வழித் தேடல் வசதி உங்களுக்கு எந்த அளவுக்குத் திருப்தி அளிக்கிறது?' என்று சேர்த்தார். மொத்தமாக அச்சடித்தாகிவிட்டது. மென்பொருள் வந்தது. குரல் வரவில்லை. அடுத்த மாதம் என்பது ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதமாகவே இருந்தது. வினாத்தாளைக் கொடுத்து வாங்குவதில் மும்முரமாக இருந்த மேடம், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை எப்போதோ மறந்துபோயிருந்தார்.

நிரப்பிய தாள்களையெல்லாம் அவருடைய சிநேகிதி வாங்கிக்கொண்டு போனார். சிநேகிதி அதே கல்லூரியில் புள்ளியியல் டீச்சர். நூலகத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். எண்களாகப் போட்டு, அட்டவணைகளாக மாற்றி அனுப்பினார். ஒவ்வொரு அட்டவணைக்கும் கீழே மேடம் ஒரே வாக்கியத்தை எழுதினார்: 'பெரும்பான்மையான பயனர்கள் இவ்வசதியில் மிகவும் திருப்தி அடைந்துள்ளனர் என்பது மேற்கண்ட அட்டவணையிலிருந்து தெரியவருகிறது.' எழுதினார் என்றுகூடச் சொல்ல முடியாது, ஒட்டினார். அந்தத் துறையில் அதுவும் வழக்கம்தான். நெறியாளர் ஒவ்வொரு பக்கத்திலும் 'நன்று' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். இன்னும் மூன்று வாரத்தில் ஆய்வுக் குழுவின் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் சரியென்றால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். மேடத்தின் பதிவுக்காலம் ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிக்கப்பட்டிருந்தது. இந்த வருடத்தோடு அது முடிகிறது. விட்டால் எல்லாம் போச்சு.

அப்போதுதான் சிநேகிதி நூலகத்துக்கு வந்தார். ஏதோ ஒரு புத்தகம் அவசரமாகத் தேவைப்பட்டதாம். நேராகக் கணினிப் பக்கம் போய், அதன் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, குனிந்து மேசைக்கு அடியிலும் பார்த்தார்.

"என்னடி தேடற?" என்றார் மேடம்.

"மைக் எங்கடி?"

"என்ன மைக்?"

"குரல்வழித் தேடல். உன் லைப்ரரிலயே அதுதான் நம்பர் ஒன். நூத்துக்கு எண்பது பேருக்கு மேல மிகவும் திருப்தின்னு போட்டிருக்காங்க. ஃபேனுக்குக்கூட அவ்வளவு இல்ல. அப்பிடி என்னதான் இருக்குன்னு பாக்கலாம்னு வந்தேன்."

மேடம் கையில் இருந்த புத்தகத்தைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் வாசிப்பறையே நிமிர்ந்து பார்த்தது. அமைதி காக்கவும் என்ற பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு, "ஐயையோ" என்றார்.

"என்னடி?"

"அது இன்னும் வரவே இல்லடி."

சிநேகிதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வராத வசதிக்கு எண்பது. வந்திருந்தா எவ்வளவு வந்திருக்கும்?" என்றார்.

நெறியாளருக்கு இதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. கவலைப்படவும் ஒன்றும் தெரியவில்லை. "ஒரு கேள்விதானேம்மா. எடுத்துடுங்க. முப்பத்தஞ்சுல ஒண்ணு போனா முப்பத்துநாலு."

"இல்லாததுக்கே மிகவும் திருப்தின்னு போட்டவங்க சார். மீதி முப்பத்துநாலுக்கும் அவங்கதானே போட்டிருக்காங்க? அத மட்டும் எப்பிடி நம்பறது?"

"நம்பறதுக்காம்மா எழுதறோம்? முடிக்கறதுக்கு எழுதறோம். உங்களுக்கு இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ் இருக்கு? அத யோசிங்க."

அன்று இரவு சாப்பாட்டில் மேடத்துக்குக் கை ஓடவில்லை. விஷயத்தைக் கேட்ட கணவர், "ரொம்ப சுலபம். ஒரு மைக் வாங்கி வெச்சுடு. யாரு வந்து பேசிப் பாக்கப் போறா?" என்றார்.

"அதான் அடுத்த மாசம் வருதுல்லம்மா?" என்றாள் மகள்.

"ரெண்டு பேரும் வாய மூடிட்டுச் சாப்பிடுங்க."

"சாப்பாடு..." என்று ஆரம்பித்த கணவர், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பாடு சாப்பாடு மாதிரி இருக்கு" என்று முடித்துக்கொண்டார்.

மறுநாள் மேடம் செய்தது, அந்தத் துறையில் யாரும் செய்யாத ஒரு காரியம். வினாத்தாளை நிரப்பியவர்களிடம் போய்ப் பேசினார். தாளில் பெயர் இல்லை. ஆனால் இரண்டு வருடமாகத் துரத்தித் துரத்திப் பிடித்தவர்களை அவருக்குத் தெரியாதா?

முதலில் அகப்பட்டவள் கதவருகே உட்காரும் ஒரு கடைசி வருட மாணவி. குரல்வழித் தேடல் நிஜமாகவே உனக்குத் திருப்தியா என்று கேட்டதும் அவள் முழித்தாள்.

"நீங்க பக்கத்துலயே நின்னுட்டு இருந்தீங்களே மேடம். உங்கள வெச்சுக்கிட்டு அதிருப்தின்னு எப்பிடிப் போடறது? ஒரே கோடா மேலேர்ந்து கீழ வரைக்கும் டிக் அடிச்சேன். பஸ்ஸுக்கு வேற நேரமாச்சு."

"படிக்கவே இல்லையா?"

"கடைசில நன்றின்னு போட்டிருந்ததே, அதப் படிச்சேன் மேடம்."

அடுத்தவர் ஜன்னலோர ஆராய்ச்சியாளர். மண் அரிப்பைப் பற்றி ஆய்வு செய்கிறவர். மேடத்துக்கு ஒரு வருடம் முன்பே பதிவு செய்தவர் என்பதால் இருவருக்கும் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்ய உரிமை உண்டு.

"தம்பி, பதினாலாவது கேள்விக்கு என்ன போட்டீங்கன்னு ஞாபகம் இருக்கா? குரல்வழித் தேடல்."

"நல்லா ஞாபகம் இருக்கு. மிகவும் திருப்தி. உள்ள இருக்கறதுலயே அது ஒண்ணுதான் நான் யோசிச்சுப் போட்டது."

"எங்க இருக்கு அது?"

ஆராய்ச்சியாளர் புரியாமல் பார்த்தார். "எங்க இருக்குன்னா? நான் இங்கேர்ந்து, 'மேடம், அந்த மலைச்சரிவு புத்தகம்'னு ஒரு குரல் குடுப்பேன். நீங்க அங்கேர்ந்து, 'மூணாவது வரிசை, கீழ்த்தட்டு, பச்சை அட்டை'ன்னு ஒரு குரல் குடுப்பீங்க. புத்தகம் கைக்கு வந்துடும். இது குரல்வழி இல்லாம வேற என்ன வழி மேடம்?"

மேடம் சுவரில் இருந்த பலகையைப் பார்த்தார்.

"லைப்ரரில அமைதியா இருக்கணும்னு போர்டு இருக்குல்ல?" என்றார்.

"இருக்கு. அத அஞ்சாவது கேள்வில கேட்டிருந்தீங்க. அமைதிச் சூழல். நான் அதிருப்தின்னுதான் போட்டேன்."

மாலைக்குள் இருபது பேருக்கு மேல் விசாரித்தாகிவிட்டது. படிக்காமல் போட்டவர்கள் ஒரு பங்கு, மேடத்தின் முகத்துக்காகப் போட்டவர்கள் ஒரு பங்கு. மிச்சப் பேர் எல்லாம் ஜன்னலோரக்காரரின் கட்சி. உரக்கக் கூப்பிட்டால் புத்தகம் வருகிறது, அதைத்தானே கேட்கிறீர்கள் என்று அவர்கள் மேடத்தையே திருப்பிக் கேட்டார்கள். தினமும் செய்தித்தாள் படிக்க வரும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், "அந்த வசதிய மட்டும் எடுத்துடாதீங்கம்மா" என்று வேண்டுகோளே வைத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மேடத்தின் குரலில் கோபம் இருந்தது. கோபத்துக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று இருந்ததையும் கணவர் கவனித்தார். இரண்டு முறை சொன்னார். எண்பது என்ற எண்ணை மூன்று முறை.

"அப்ப மைக் வாங்க வேணாம்" என்றார் கணவர். "மைக்கே நீதான்."

"விளையாடாதீங்க. இத எங்கன்னு எழுதறது? ஆராய்ச்சி பண்றவளே ஆராய்ச்சில வந்து உக்காந்துட்டா அது ஆராய்ச்சியா?"

"யார் சொன்னது? எங்க போட்டிருக்கு?" என்றாள் மகள், தட்டைக் கழுவப் போகிற சாக்கில் தூரமாக நகர்ந்துகொண்டே.

குழுவின் நாள் வந்தது. வாசித்துக் காட்டுவதற்கான பக்கங்களிலிருந்து பதினான்காவது அட்டவணையை நெறியாளர் முந்தின நாளே எடுத்துவிட்டிருந்தார். மேடம் காலையில் அதைத் திரும்பச் சேர்த்தார். சேர்த்ததை அவரிடம் சொல்லவில்லை. அதனால் திரையில் அது வந்தபோது நெறியாளர் டீயைக் கொஞ்சம் தன் சட்டையில் விட்டுக்கொண்டார்.

குழுவில் நான்கு பேர். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியை நடுவில் இருந்தார். நரைத்த தலை, யாரையும் பயமுறுத்தும் தடித்த கண்ணாடி. அதுவரை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், எண்பது சதவீதம் என்றதும் திறந்தார்.

"இது எந்தக் கம்பெனியோடதும்மா? எங்க யூனிவர்சிட்டிலயும் போடலாம்னு இருக்கோம்."

"அப்பிடி ஒண்ணு இல்லைங்க மேடம்" என்றார் திருப்தி மேடம்.

"இல்லைன்னா? எடுத்துட்டாங்களா?"

"வரவே இல்லைங்க."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கேள்வியை எப்படிச் சேர்த்தார், எப்படி மறந்தார், அட்டவணைக்கு அடியில் எப்படி ஒரே வாக்கியத்தை ஒட்டினார், பேனாவுக்காக எப்படிப் பக்கத்திலேயே நின்றார். ஜன்னலோரக்காரர் சொன்னதையும் சொன்னார். குழுவில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "அப்ப இந்த ஆய்வேட்ட வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது?" என்று எரிச்சலோடு கேட்டார். நெறியாளர் சட்டையைத் துடைத்துக்கொண்டே கூரையைப் பார்த்தார்.

பேராசிரியை கையை நீட்டினார். "அந்த வினாத்தாள இப்பிடிக் குடுங்க."

வாங்கி, மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினார். "இது என்னம்மா, கணினிக்குக் கடைசில மூணு சுழி போட்டிருக்கீங்க?"

மேடம் அப்போதுதான் அதைப் பார்த்தார். ஏற்கெனவே சிவந்திருந்த முகம் இன்னும் சிவந்தது. "ஏற்கெனவே... பரிசோதிக்கப்பட்ட வினாத்தாளுங்க. அதுலேர்ந்து எடுத்தது."

"தெரியும். அத நான்தான் எழுதினேன்" என்றார் பேராசிரியை. "கல்யாணத்துக்கு முன்னாடி, என்னோட ஆய்வுக்கு. அப்ப எனக்கு எது ரெண்டு சுழி, எது மூணு சுழின்னு தெரியாது. அதுக்கப்புறம் எத்தன ஆய்வேட்டுக்கு எக்ஸாமினராப் போயிருக்கேன்! எல்லாத்துலயும் இந்தச் சுழி வந்து என்னப் பாத்து இளிக்கும். இத்தனை பேர் எடுத்தாங்க, எல்லாருக்கும் மிகவும் திருப்தின்னே வந்துது. ஏன் அப்பிடி வருதுன்னு ஒருத்தரும் போய்க் கேக்கலையே." தாளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "நானும் கேக்கல" என்றார்.

முடிவு எப்படியோ நன்றாக அமையும் என்று மேடத்துக்கு அந்த நிமிடத்தில் தோன்றியது. அமையவில்லை. சமர்ப்பிக்க முடியாது என்று குழு சொல்லிவிட்டது. மறுபடி ஒரு கணக்கெடுப்பு. அதே கேள்விகள், பதினான்காவதைக்கூட மாற்றக் கூடாது. பேராசிரியையின் சிபாரிசில் இன்னொரு ஆறு மாதம், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. ஒரு நிபந்தனையும் உண்டு.

"கணக்கெடுப்பு நடக்கும்போது நீங்க அந்தக் கட்டடத்துல இருக்கக் கூடாது. ஃபோன்லயும் இருக்கக் கூடாது."

"அப்ப புத்தகம் கேட்டு வர்றவங்க?"

"கணினி இருக்குல்ல? மூணு சுழியோட?"

மேடம் இரண்டு வாரம் விடுப்பு எடுத்தார். வேலைக்குச் சேர்ந்த பிறகு அவர் சேர்ந்தாற்போல எடுத்த விடுப்பில் அதுதான் பெரியது. பிரசவ விடுப்பை அவர் விடுப்பில் சேர்ப்பதில்லை. நூலக வாசலில் ஒரு பெட்டி, பக்கத்தில் வினாத்தாள் கட்டு, நூலில் கட்டிய பேனாக்கள். யாரும் நிற்கவில்லை.

வீட்டில் சும்மா இருக்க முடியாமல் கணவரின் கடைக்குப் போய் உட்கார்ந்தார். முதல் நாளே ஃப்ரேம்களையெல்லாம் எடுத்து முக அமைப்பு வாரியாக அடுக்கினார். கணவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. "நாப்பது வயசுக்காரருக்கு நான் காட்டற ஃப்ரேம் எல்லாம் எங்க போச்சு?" என்றார்.

"வட்ட முகத்துல பாருங்க."

"வர்றவர் மூஞ்சி வட்டமா சதுரமான்னு நான் அளந்துட்டா இருப்பேன்? மிகவும் அதிருப்தி!"

நான்காம் நாள் கைபேசி அடித்தது. ஜன்னலோர ஆராய்ச்சியாளர்.

"மேடம், நாளைக்கு என் கைடுகிட்ட ஒரு பகுதி குடுக்கணும். அந்த மலைச்சரிவு புத்தகம் இருக்கற எடத்துல இல்ல."

அது எங்கே இருக்கிறது என்று மேடத்துக்குத் தெரியும். விடுப்பில் வருவதற்கு முன்தினம் அட்டை கிழிந்திருந்ததால் அவரே எடுத்து, பைண்டிங்குக்குப் போகும் அடுக்கில், மேலிருந்து இரண்டாவதாக வைத்திருந்தார். சொல்ல வாய் திறந்தது. எதிரே நாற்காலியில் ஒரு வாடிக்கையாளர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார். கணவர் லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியையே பார்த்தார்.

"கம்ப்யூட்டர்ல பாருங்க தம்பி" என்றார் மேடம்.

"பாத்துட்டேன் மேடம். மலைச்சரிவுன்னு போட்டா ஒண்ணுமே இல்லங்குது. அப்பிடி ஒரு புத்தகமே நம்மகிட்ட இல்லையாம்."

மேடம் இணைப்பைத் துண்டித்தார். புத்தகத்தின் தலைப்பில் மலைச்சரிவு என்ற சொல் இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. 'நிலச்சாய்வுகளின் நிலைத்தன்மை' என்று அதன் அட்டையில் இருக்கும். அப்படியேதான் அவர் கணினியில் ஏற்றியிருந்தார். மலைச்சரிவு என்று எல்லோரும் கேட்பார்கள், அவர் எடுத்துக் கொடுப்பார். கணினிக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதே இல்லை, ஏனென்றால் அவர்தான் இருக்கிறாரே.

"என்ன ஆச்சு?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்ல. இத்தனை வருஷமா அந்தக் கம்ப்யூட்டரோட ஓட்டைய நான்தான் கையால பொத்திக்கிட்டு இருந்திருக்கேன். அது ஒழுகுதுன்னே யாருக்கும் தெரியல. எனக்கும்தான்."

"சார், இந்த வரி மங்கலா இருக்கு" என்றார் நாற்காலியில் இருந்தவர்.

"உண்மையச் சொன்னீங்களே, ரொம்ப சந்தோஷம்" என்றார் மேடம் அவரைப் பார்த்து. அவர் இன்னொரு கண்ணையும் மூடிக்கொண்டார்.

விடுப்பு முடிந்ததும் பெட்டியைத் திறந்தார்கள். முன்னைப் போலப் பாதித் தாள்கள்கூட இல்லை. சிநேகிதி அவற்றை எடுத்துக்கொண்டு போய், இரண்டு நாள் கழித்து நூலகத்துக்கே வந்தார்.

"உக்காருடி" என்றார். "எல்லாம் நாசமாப் போச்சு. கணினித் தேடல், அதிருப்தி. புத்தகம் கிடைக்கற நேரம், அதிருப்தி. காத்தோட்டம் மட்டும் பழையபடி."

"நெஜமாவா?" மேடத்தின் முகம் மலர்ந்தது. "எவ்வளவு அதிருப்தி?"

"பாதிக்கு மேல. சந்தோஷப்படற முதல் ஆளு நீதான்."

"பதினாலு?"

சிநேகிதி தாளைத் திருப்பிக் காட்டினார். மிகவும் அதிருப்தி என்ற கட்டத்தில் எண்கள் குவிந்திருந்தன. இல்லாத வசதி, முன்பு ஊருக்கே பிடித்திருந்தது, இப்போது யாருக்கும் பிடிக்கவில்லை. ஓரங்களில் சிலர் எழுதியும் இருந்தார்கள். 'வசதி பழுதாகி உள்ளது, சரிசெய்யவும்.' 'லீவு எப்ப முடியும்?' ஒருவர் மட்டும், 'இரண்டு வாரமாக அமைதிச் சூழல் நன்றாக இருக்கிறது' என்று எழுதியிருந்தார். அது யார் என்று மேடத்துக்குக் கையெழுத்தைப் பார்க்காமலே தெரிந்தது.

அடுத்த நான்கு மாதங்கள் அவர் ஒரே வேலையாக இருந்தார். பகலில், யாராவது புத்தகம் கேட்டுக் குரல் கொடுத்தால், அவர்கள் கேட்ட சொல்லை அப்படியே கணினியில் அந்தப் புத்தகத்தோடு சேர்த்துவிட்டு, அப்புறம்தான் இடத்தைச் சொல்வார். "மேடம் முன்ன மாதிரி இல்ல, ரொம்ப லேட் பண்றாங்க" என்று பேச்சு கிளம்பியது. மாலையில் வீட்டுக்கு வந்து ஆய்வேட்டைத் திருப்பி எழுதினார். ஒட்டிய வாக்கியங்களையெல்லாம் கிழித்தெடுத்து ஒவ்வொரு அட்டவணைக்கும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. அவருக்கு அது பழக்கமில்லை. பதினான்கில் வந்து மாட்டிக்கொண்டார். 'நான்' என்று ஆய்வேட்டில் எழுதக் கூடாது. 'நூலகர்' என்று எழுதினால் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது போலிருக்கிறது. எழுதி எழுதி அடித்தார். கடைசியில் ஒன்று படிந்தது. கெடுவுக்கு முந்தின வாரம், சரிபார்ப்பதற்காகச் சிநேகிதி வீட்டுக்கு வந்திருந்தபோது அந்த இடம் வந்தது. சிநேகிதி உரக்கப் படித்தார்.

"'முதல் கணக்கெடுப்பின்போது நூலகத்தில் இயங்கிவந்த ஒரு வசதி, இரண்டாம் கணக்கெடுப்பின்போது விடுப்பில் இருந்தது.'" தாளைத் தாழ்த்திவிட்டு மேடத்தைப் பார்த்தார். "ஏண்டி, வசதி எப்பிடி லீவு போடும்?"

"எல்லாரும் போடற மாதிரிதான்" என்றார் மேடம். "முன்கூட்டியே எழுதிக் குடுத்துட்டுத்தான் போச்சு. பின்னிணைப்புல நகல் வெச்சிருக்கேன், பாத்துக்கோ."